'ரொட்டி உண்பவன்': ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட அரசர் ஏதெல்பெர்ட்டின் சட்டத்தைத் (கி.பி. 600 வாக்கில்) தமிழாக்குகிறேன். மூன்று வாரமாக 'ஹ்லாஃபேட்டா' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலேயே நிற்கிறேன். ரொட்டி உண்பவன், அதாவது ஒருவர் வீட்டில் உண்டு அவரை அண்டியிருப்பவன். இதன் மறுபக்கம்தான் இன்றைய 'லார்டு': பழைய வடிவம் 'ஹ்லாஃப்வெயார்ட்', ரொட்டியைக் காப்பவர். 'லேடி' ரொட்டி மாவு பிசைபவள்! (எங்கள் வீட்டில் பிசைபவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.)

லார்டுக்கு 'எசமான்' போட்டேன், ரொட்டி காணாமல் போனது. 'படியளப்பவர்' அழகாகப் பொருந்திவிட்டது. சரி, அண்டியவனுக்கு? 'வேலையாள்' சப்பென்று இருக்கிறது. 'அடிமை' ஆகாது, சட்டத்தில் அது தனிச் சொல். 'செஞ்சோற்றுக் கடன்' கடமையைத்தான் சொல்கிறது, ஆளை அல்ல.

படியளப்பவரின் சோற்றை உண்டு வாழ்பவனுக்கு உங்கள் ஊர் வழக்கில் ஒற்றைச் சொல் இருக்கிறதா?