கொலஸ்ட்ரோல் குளிசை: கிளினிக்கில தாறதும் கடையில வாங்கிறதும் ஒண்டோ?

வடமராட்சியான்: அம்மாவுக்கு 67 வயசு, கிளினிக்கில அட்டோவாஸ்டடின் 20 மி.கி. சும்மா தருகினம், ஆனா எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) இன்னும் 148 நிக்குது. கனடாவில இருக்கிற அண்ணை உதை எறிஞ்சுபோட்டு லிப்பிட்டோர் வாங்கிக் குடு எண்டு போனில ஒரே ஆக்கினை. மாத்தட்டோ?

சுன்னாகத்தான்: கட்டாயம் மாத்துங்கோ. எனக்கு கிளினிக் குளிசை போட்ட நாளில இருந்து கெண்டைக்கால் உளைவு, சைக்கிள் உழக்கேலாது. கடையில கொம்பனிக் குளிசை வாங்கினாப் பிறகுதான் விட்டது.

பாமசிக்காரி: லிப்பிட்டோருக்குள்ள இருக்கிறதும் அதே அட்டோவாஸ்டடின்தான். அதைக் கொண்டுவந்த பைசர் கொம்பனிக்கு அமெரிக்காவில இருந்த காப்புரிமை 2011 கார்த்திகையோட முடிஞ்சுது, இப்ப கனடாவில பாமசிக்குப் போனாலும் அனேகமா ஜெனரிக்தான் (அதே மருந்தை வேற கொம்பனியள் செய்யிறது) குடுப்பினம். சுன்னாகத்து அண்ணை, இஞ்ச கடையில பேர் போட்டு விக்கிற கனக்க குளிசையும் இந்தியாவில செய்த ஜெனரிக்தான், பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ.

சுன்னாகத்தான்: ஜெனரிக் எண்டால் மூல மருந்தின்ர 80 வீதத்தில இருந்து 125 வீதம் வரை இருக்கலாமாமே, அப்ப 20 வீதம் குறைஞ்ச மருந்தை எல்லோ தருகினம்?

பாமசிக்காரி: இல்லை அண்ணை, அது ரத்தத்தில சேருற அளவின்ர சராசரிக்குச் சொல்லுறதில்லை, கணக்கில வாற பிழை வீச்சு முழுக்க அந்த எல்லைக்குள்ள நிக்கவேணும். அமெரிக்காவில மருந்துகளைக் கட்டுப்படுத்துற எஃப்டிஏ, ஜெனரிக்கையும் மூல மருந்தையும் ஒப்பிட்ட 2,070 ஆய்வுகளைப் பாத்ததில சராசரி வித்தியாசம் கிட்டத்தட்ட 3.5 வீதம்தான். டோசை இரட்டிப்பாக்கினாலே எல்டிஎல் இன்னும் ஒரு 6 வீதம்தான் இறங்கும், இந்த 3.5 என்ன செய்யப்போகுது?

சுன்னாகத்தான்: அது அமெரிக்கா பிள்ளை. அங்கயே 2012 இல ரான்பாக்சி எண்ட இந்தியக் கொம்பனியின்ர அட்டோவாஸ்டடினுக்குள்ள கண்ணாடித் துகள் எண்டு திருப்பி எடுத்தவை. இஞ்ச இலங்கையில தரமில்லாத இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விசயத்தில 2024 மாசியில முன்னாள் சுகாதார அமைச்சரையே பிடிச்சது. நான் எதை நம்ப?

பாமசிக்காரி: அந்தப் பயம் நியாயம், தரக்கட்டுப்பாடு இறுக்கமா இருக்கத்தான் வேணும், அதில நானும் உங்கட பக்கம். ஆனா குளிசை வேலை செய்யுதோ எண்டு ரத்தம் காட்டித்தரும், ஒழுங்காப் போட்டு ஆறு கிழமையால எல்டிஎல் பாருங்கோ. கால் உளைவுக்கு டொக்டரிட்டக் காட்டி, தசை பாதிச்சிருக்கோ எண்டு பாக்கிற சிகே ரத்த டெஸ்ற் செய்யுங்கோ. 2020 இல வந்த சாம்சன் ஆய்வில, ஸ்டடின் (அட்டோவாஸ்டடின் மாதிரியான கொலஸ்ட்ரோல் மருந்துகள்) ஒத்துக்கொள்ளாமல் விட்ட 60 பேருக்கு மருந்தில்லாத குளிசை குடுத்தும், ஸ்டடினில வந்த உபாதையில 90 வீதமளவு வந்தது.

சுன்னாகத்தான்: அப்ப எனக்கு நொந்தது பொய்யோ?

பாமசிக்காரி: நோ உண்மை அண்ணை. காரணம் குளிசைதானோ எண்டதைத்தான் பாக்கச் சொல்லுறன்.

வடமராட்சியான்: இதை வாசிச்சுப்போட்டு அம்மாட்டக் கேட்டன். அண்ணை சொன்ன நாளில இருந்து நம்பிக்கை இல்லாமல் விட்டு விட்டுத்தான் போட்டவவாம். லாச்சிக்குள்ள மூண்டு காட் உடைக்காமல் கிடக்கு.