புதுப்பிப்பு: கோபுரத்தில் பதுங்கியவர்களை 22-வது மாடிக்கு இறக்கிவிட்டேன்

நான் எழுதிவரும் அறிவியல் புனைகதையில், தப்பியோடிய எட்டுப் பேரைக் கைவிடப்பட்ட கோபுரத்தின் 60-வது மாடியில் ஒளித்துவைத்திருப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். "தண்ணீருக்கு என்ன செய்வார்கள்?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்வி கதையையே புரட்டிப்போட்டுவிட்டது.

60 மாடி என்றால் சுமார் 180 மீட்டர். தண்ணீரை மேலே தள்ள, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தேவை. மின்சாரம் செத்த கட்டடத்தில் குழாய் வழியே தண்ணீர் ஏறாது, தோளில்தான் ஏற வேண்டும். வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் பாதியில் நின்றுபோன தாவீது கோபுரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 45 மாடி, லிஃப்ட் கிடையாது. 2007 முதல் அங்கே குடியேறிய மக்கள் 28-வது மாடி வரைதான் வாழ்ந்தார்கள். கால்கள் வகுத்த எல்லை அது! என் ஆட்களும் இப்போது 22-வது மாடியில்.

உடல் வெப்பத்தை வைத்து அவர்களைத் தேடும் ட்ரோன்களிடமிருந்து தப்பவும் வழி பிறந்தது. உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவுவதில்லை. ஆகவே, உடையாத ஜன்னல்தான் அவர்களின் கவசம். தண்ணீர்க் கேனை இறக்கிவைத்த சிறுமி, கயிறு பதிந்து சிவந்த தோளைத் தேய்த்தபடி, கண்ணாடியில் ஓடும் மெல்லிய விரிசலை விரல் நுனியால் தடவிப் பார்க்கிறாள். நேற்று அது ஒரு சாண் நீளம்தான் இருந்தது. அந்தக் காட்சியை எழுதியபோது எனக்கே மூச்சு முட்டியது.

அடுப்புப் புகைதான் இன்னும் தீரவில்லை. படிக்கட்டுக் கூண்டே புகைபோக்கியாகிவிடும். அடுத்த அத்தியாயம் அங்கிருந்து தொடங்குகிறது.