மறு: 'கேன்', 'குட்' இயலுக்குத் தலைப்பு

அன்புடையீர்,

ஆங்கில இலக்கண வழிகாட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முடியும், வேண்டும் போன்ற பொருளை வினையோடு சேர்க்கும் 'மோடல் வெர்ப்' என்பதற்குப் 'பாங்குத் துணைவினை' என்று எழுதிவிட்டேன். 'கேன்' (can), 'குட்' (could), 'பி ஏபிள் டு' (be able to) வரும் இயலுக்குத்தான் தலைப்பு அமையவில்லை. 'திறன் துணைவினை' என்றால் வினைக்கே ஏதோ திறமை இருப்பதுபோல் மாணவர்களுக்குப் படுகிறது. நல்ல சொல் தந்து உதவுங்கள்.

---

ஐயா, சொல் நம்மிடமே இருக்கிறது: ஒல்லும். 'ஒல்லுவது ஒல்லும் என்றலும்' என்று புறநானூற்றில் (196) ஆவூர் மூலங்கிழார் பாடியிருக்கிறார். இயன்றதை இயலும் என்று சொல்வதுதான் அங்கே பொருள். குறளிலும் 'ஒல்லும் வகையான்' (33) உண்டு. 'ஒல்வினை' என்று வையுங்கள். முடி என்பதற்கு இறுதியாதல் என்ற பொருளும் இருக்கிறது; அது வேண்டாம். கூடும் என்பதையும் யாரேனும் சொல்வதற்குள் மறுத்துவிடுகிறேன். 'வரக்கூடும்' இன்று ஐயப்பொருள், 'வரக்கூடாது' தடை. இயலாமை அதில் எங்கே?

---

ஐயா, கூடும் பற்றிச் சொன்னது சரி. ஒல்லும் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் தலைப்புக்கே பதவுரை சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போக முடியும் என்றால் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். 'இயலுமை' போதும். ஈழத்தில் எழுத்தில் அது புழங்குகிறது. பேச்சில் ஏலும், ஏலாது என்பார்கள்.

வகுப்பில் நான் படும் பாடு வேறு. 'எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் கையில் கட்டு இருப்பதால் இப்போது என்னால் நீந்த முடியாது.' கற்ற திறமைக்கு நான்காம் வேற்றுமையும் தெரியும் என்பதும். அப்போதைய இயல்வுக்கு மூன்றாம் வேற்றுமையும் முடியும் என்பதும். 'அவருக்குப் பாட வரும்' என்று மூன்றாவது ஒன்றும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'கேன்'. ஆளும் எழுவாயாகவே நிற்கிறார். தலைப்பு எதுவானாலும் இந்த வாக்கியங்கள் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

---

ஆசிரியை அம்மா சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. 'கேன்' பழைய ஆங்கிலத்தின் 'குன்னன்' என்ற வினையிலிருந்து வந்தது. அதன் பொருள் அறிதல். நம்முடைய தெரியும் போலவேதான்! அப்படியானால் 'தெரிவினை' என்று ஏன் வைக்கக்கூடாது? 'குட்' என்பதில் ஒலிக்காத 'எல்' எழுத்துகூட 'ஷுட்', 'வுட்' இவற்றைப் பார்த்துப் பின்னால் ஒட்டிக்கொண்டதுதான்.

---

வினைச்சொல்லுக்குத் தெரிநிலை வினை, குறிப்பு வினை என்று ஏற்கெனவே பாகுபாடு இருக்கிறது. தெரிவினை என்றால் குழப்பம் உறுதி. தவிர, 'பி ஏபிள் டு' பாங்குத் துணைவினையே அல்ல. அது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் திரியும். 'கேன்' இடத்துக்கு ஏற்பத் திரியாது, 'வில்' என்பதன் பின்னும் வராது; அந்த இடத்தை நிரப்பத்தான் 'வில் பி ஏபிள் டு'. இதை ஒரு வரியிலாவது எழுதுங்கள்.

---

எழுதிவிட்டேன் ஐயா. கூடவே இதையும் சேர்த்தேன்: 'நேற்றுக் கதவைத் திறக்க முடிந்தது' என்றால் கதவு திறந்துவிட்டது. ஒருமுறை நிகழ்ந்த அந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். முடிந்தது என்பதை நம் பிள்ளைகள் அப்படியே 'குட்' ஆக்கிவிடுகிறார்கள். எதிர்மறையில் தொல்லை இல்லை. பொதுவான திறமை, ஒருமுறை நிகழ்ந்த செயல் இரண்டுக்கும் 'குடன்ட்' பொருந்தும்.

தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் இயலுமைக்கே ஆதரவு மிகுதி. 'இயலுமைத் துணைவினைகள்' என்று அனுப்புகிறேன். ஒல்லும் அடிக்குறிப்பில் வரும்.

---

அடிக்குறிப்பில் வைத்த சொல் அங்கேயே கிடக்கும், ஐயா. பயிற்சியில் ஒரு வாக்கியத்திலாவது அதைச் சேருங்கள். 'ஒல்வினை' என்பதே என் கருத்து, அதை மாற்றிக்கொள்ளவில்லை.