பிரிட்ஜ் கலைச்சொல்: 'பெனால்டி கார்டு' – தளைச்சீட்டு

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் 50ஆம் விதியில் வரும் 'பெனால்டி கார்டு' என்பதற்குத் 'தண்டச்சீட்டு' எனும் முன்மொழிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தண்டம் என்றதும் புள்ளி குறைக்கப்படும் என்றே புதியவர் நினைப்பார்; தண்டச்சோறு என்னும் வழக்கை அறிந்தவரோ ஒன்றுக்கும் உதவாத சீட்டு என்று கொள்வார். இந்த விதியால் புள்ளி எதுவும் குறைவதில்லை. தடுத்தாடுபவர் (ஏலத்தில் வென்று ஆட்டத்தை நடத்துபவரின் எதிரணியினர்) உரிய நேரத்துக்கு முன் காட்டிவிட்ட சீட்டு, முகம் தெரிய அவர் முன்னால் மேசைமீதே கிடக்கிறது. அதை ஆடும் சுதந்திரம் மட்டுமே அவரிடமிருந்து போய்விடுகிறது. 'திறந்த சீட்டு' என்பதும் பொருந்தாது. ஏலம் எடுத்தவரின் கூட்டாளியான டம்மியின் 13 சீட்டுகளும் திறந்துதான் கிடக்கின்றன.

தளை என்றால் கட்டு; ஆகவே 'தளைச்சீட்டு' என்பதை முன்வைக்கிறேன். விதி காட்டும் இரு வகைகளையும் சிறுதளை, பெருந்தளை என்று எளிதாகப் பிரிக்கலாம். தடுத்தாடும் இருவருள் கிழக்கில் இருப்பவர் கையிலிருந்து ஸ்பேட் 7 நழுவி விழுந்தால் அது சிறுதளை: அதை ஆடி முடிக்கும்வரை ஸ்பேடில் பத்துக்குக் கீழான வேறு சீட்டை அவர் ஆடக்கூடாது, ஆனால் பத்தோ அதற்கு மேற்பட்டதோ ஆடலாம். விழுந்தது ஆர்ட்டின் ராஜா போன்ற பெரிய சீட்டாக இருந்தாலும், தம் முறை என்று எண்ணி முறை தவறி இறக்கிய சீட்டாக இருந்தாலும் அது பெருந்தளை. விதிப்படி ஆட வாய்க்கும் முதல் தருணத்திலேயே அதை ஆடியாக வேண்டும்.

இச்சொல்லின் வலு அடுத்த கட்டத்தில்தான் தெரிகிறது. ராஜா மேசையில் கிடக்கும்போது, பிடியை (நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்றை) தொடங்கும் முறை மேற்கில் உள்ள கூட்டாளிக்கு வந்தால், ஏலம் எடுத்தவர் அவரிடம் ஆர்ட்டின் இறக்கச் சொல்லலாம், இறக்கக்கூடாது என்று தடுக்கவும் செய்யலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் ராஜா கிழக்கின் கைக்குத் திரும்பிவிடும். அங்கே 'தண்டம் நீங்கியது' என்று எழுதினால் பிழையாகும், ஏனெனில் தவறின் விளைவை இப்போது கூட்டாளி சுமக்கிறார். 'சீட்டு தளை நீங்கியது' என்பதோ நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறது. 'தளைப்பட்டது' என்ற வினையும் கூடவே கிடைக்கிறது.

யாப்பிலக்கணத் தளையோடு குழம்பாதா என்று கேட்கப்படலாம். அங்கும் சீரோடு சீரைக் கட்டுவதே தளை. சீட்டாட்ட நூலில் மயக்கத்துக்கு இடமில்லை.

விளக்கத்தில் 'தடுத்தாடுபவரின் சீட்டு' என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். ஏலம் எடுத்தவர் தம் சீட்டைத் தவறிக் காட்டினால் அது தளைப்படுவதில்லை. நடுவர் வேறுவிதமாகத் தீர்மானிக்கலாம் என்பதையும் சேர்த்துவிட்டால் பதிவு முழுமை பெறும்.