தோழியின் தாலாட்டு உள்ள கேசட்: கூடு மாற்றித் தருபவர் வேண்டும்

கார்த்திகையில் இறந்துபோன என் தோழியின் குரல் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. 1996-இல் கைக்குழந்தைக்கு அவள் பாடிய தாலாட்டு. நடுவே பால்காரரோடு கணக்குச் சண்டையும் உண்டு. அந்த மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். கேட்க ஆசைப்படுகிறாள்.

சி-60 (அறுபது நிமிட) கேசட், திருகாணி இல்லாமல் ஒட்டிய பிளாஸ்டிக் கூடு. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்துவிட்டது. ஒலி மங்குகிறது, பிறகு நாடா உருளையில் சுற்றிக்கொள்கிறது. டெக்கில் (கேசட் பிளேயரில்) நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன், நாடாவை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டினேன், வேறு டெக்கிலும் போட்டேன், பயனில்லை. ஒரு கடைக்காரர் சுத்தியலைத் தேடிய வேகத்தைப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கூரியரில் அனுப்ப மனமில்லை.

மதுரை, திருச்சி வட்டாரத்தில் இந்த நாடாவைத் திருகாணி வைத்த கூட்டுக்கு மாற்றி, கணினியில் பதிந்து தருபவர் யார்?