ஓட்டை போட்ட புத்தகம்

*குழு: நம்ம வீட்டு ஆட்கள்*

*கவிதா:* நிலாவுக்கு 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' படப்புத்தகம் வந்துவிட்டது. பசியில் பக்கம் பக்கமாக ஓட்டை போட்டுத் தின்னும் கம்பளிப்பூச்சி கதை. ஆப்பிள் பக்கத்து ஓட்டையில் விட்ட விரலை எடுக்கவே மாட்டேன் என்கிறாள் 😄

*பிரபு:* எரிக் கார்ல் எழுதி வரைந்தது! 1969இல் வந்தது. பஞ்சிங் மெஷினால் தாளில் ஓட்டை போட்டபோது புத்தகப்புழு ஞாபகம் வந்ததாம். முதலில் வில்லி என்ற புழுதான் நாயகன். எடிட்டர் ஆன் பெனடூஸுக்கு அது ஒட்டவில்லை. கம்பளிப்பூச்சி என்றால் எப்படி என்று அவர் கேட்க, இவர் "வண்ணத்துப்பூச்சி!" என்றாராம். கதை முடிந்தது.

*முருகேசன் சித்தப்பா:* கவிதா, பக்கங்களை விரித்து ஒரு போட்டோ அனுப்பு.

*கவிதா:* 📷

*முருகேசன் சித்தப்பா:* நினைத்தேன். ஆப்பிள் பக்கம் குறுகல். பேரிக்காய் அதைவிட அகலம். ஆரஞ்சு வரை கூடிக்கொண்டே போகிறது. எல்லாம் தனித்தனி சைஸ் கட்டிங், அதற்கு மேல் ஓட்டைக்கு டை (தாளை வெட்டும் அச்சு) வேறு. சிவகாசியில் எங்களிடம் வந்திருந்தால் ரேட்டைச் சொல்லியே விரட்டியிருப்போம்.

*பிரபு:* அமெரிக்காவிலும் அதே கதைதான் சித்தப்பா. கட்டுப்படியாகும் விலையில் அங்கே பிரஸ் கிடைக்காமல், எடிட்டர் ஜப்பானில் ஆள் பிடித்தார்.

*முருகேசன் சித்தப்பா:* எடிட்டர் என்றால் இப்படி இருக்க வேண்டும் 👏

*ராஜி அத்தை:* எல்லாம் சரி. ஆனால் புத்தகத்தில் கம்பளிப்பூச்சி 'கக்கூன்', அதாவது நூல் கூடு, கட்டி வண்ணத்துப்பூச்சி ஆகிறதே! நூல் கூடு கட்டுவது பட்டுப்பூச்சி மாதிரி அந்துப்பூச்சி வகைதான். வண்ணத்துப்பூச்சிப் புழு தோலை உரித்துக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். உயிரியல் நடத்தியவள் சும்மா இருக்க முடியுமா?

*பிரபு:* கார்லையே நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள் அத்தை. சின்ன வயதில் அப்பா "கூட்டை விட்டு வெளியே வா" என்பாராம். அதைத்தான் பதிலாகச் சொன்னார்.

*ராஜி அத்தை:* மார்க் கிடையாது. அப்பா பேச்சு என்பதால் விடுகிறேன்.

*பிரபு:* அந்த அப்பாதான் மரப்பட்டையைத் தூக்கிப் பூச்சி காட்டியவர். நியூயார்க் மாநிலத்தில் பிறந்த பையனை 6 வயதில் ஜெர்மனிக்குக் கூட்டிப்போனார்கள். போரில் அப்பா ரஷ்யர்களிடம் கைதி. பையனுக்கு 15 வயதில் பதுங்குகுழி வெட்டும் வேலை. விமானத்துக்குத் தெரியக்கூடாது என்று வீடுகளுக்கெல்லாம் சாம்பல், பழுப்பு நிறம். ஓவிய வாத்தியார் ஒருவர் மட்டும் நாஜிகள் தடைசெய்த படங்களை ரகசியமாகக் காட்டினாராம்.

*கவிதா:* அதுதான் இத்தனை கலரா! அது பெயிண்டா, தாளா?

*பிரபு:* இரண்டும். டிஷ்யூ தாளில் பெயிண்ட் பூசி, காய்ந்ததும் வெட்டி ஒட்டுவார். 2021இல் 91 வயதில் இறந்தார்.

*தாத்தா:* சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், சாசேஜ் எல்லாம் அந்தப் புழு ஒரே நாளில் தின்றால் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? பிரபு, நீயும் கவனி.