மறு: மறு: மறு: 'முதல் ரைபிள்' – ரைபிளுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

எழுதுகோல் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு மொழிபெயர்ப்பு. வேட்டைக்குப் புதியவர்கள், கையைக் கடிக்காத விலையில் முதல் ரைபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித்தரும் சிறு கையேடு. இரண்டாம் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். வழவழப்பான குழலிலிருந்து ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் வேறு, உட்புறம் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டிய குழலிலிருந்து ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும் ரைபிள் வேறு என்கிறது மூலம். நம்மிடம் இரண்டுக்கும் துப்பாக்கிதான். "துப்பாக்கியையும் துப்பாக்கியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று எழுதிவிட்டு அரை மணி நேரமாக அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் கொடுங்கள், தலைப்பிலும் வைக்கிற மாதிரி.

பழம்பாடம் எழுதியது:

சுழல்துப்பாக்கி?

குறிகாரன் எழுதியது:

அது ரிவால்வருக்குப் போய் நெடுநாள் ஆயிற்று ஐயா.

வேர்காண் எழுதியது:

போகாவிட்டாலும் கூடாது. சுழல்துப்பாக்கி வினைத்தொகை. சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் துப்பாக்கி. இங்கே சுழல்வது குண்டு. துப்பாக்கியே சுழன்றால் சுடுபவர் கதி என்ன?

அதைவிடப் பெரிய சிக்கல் துப்பாக்கியிலேயே இருக்கிறது. துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங், அந்தக் குடும்பத்துச் சொல் அது. உடனே யாராவது பன்னிரண்டாம் குறளைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்பதில் இருப்பது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. வான்சிறப்பில் வள்ளுவர் மழையைத்தான் பொழியவிட்டார், தோட்டாவை அல்ல. இந்த வேடிக்கையைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை நரைத்துவிட்டது.

துப்பாக்கிக்குத் துமுக்கி என்று தனித்தமிழார் எழுதிவருகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு என் முன்மொழிவு: மரைத்துமுக்கி. திருகாணியில் சுற்றிச் சுற்றி ஓடும் வெட்டுக்கு மரை என்றுதானே பட்டறையில் பெயர்? ரைபிள் என்ற சொல்லும் கீறுதல், சுரண்டுதல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததே. இதைவிட இனிய பொருத்தம் ஒன்று உண்டு. மரை மானினத்துக்கும் பெயர். குறுந்தொகை 235இல் "நெல்லி மரையினம் ஆரும் முன்றில்" என்று வரும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேட்டைக்கான கருவிக்கு வேட்டை விலங்கின் பெயரே வாய்த்திருக்கிறது. தமிழ் நமக்காகக் காத்திருந்தது போல இல்லையா?

நெய்தல் எழுதியது:

அந்த மரையினம் முற்றத்தில் நின்று நெல்லிக்காய் தின்னுது, பாவம். அதைப் பார்த்து உங்களுக்குத் துவக்கு ஞாபகம் வருது.

சொல்ல வந்தது இதுதான். ஈழத்து வழக்கில் துவக்கு என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பொதுப்பெயராகச் சுடுகலன் என்றும் எழுதுகிறோம். தலைப்பை 'முதல் துவக்கு' என்று வையுங்கோ.

எழுதுகோல் எழுதியது:

அம்மா, துவக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் இக்கரையில் 'முதல் துவக்கு' என்று போட்டால் "முதலிலிருந்து ஆரம்பி" என்று படிப்பார்கள். ஏற்கெனவே மூன்று முறை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

குறிகாரன் எழுதியது:

இலக்கணம் எனக்கு அவ்வளவாக வராது. துப்பாக்கியைக் கையாண்ட பழக்கத்தில் சில சொல்கிறேன்.

மரை வேண்டாம். திருகாணியில் விரலளவு நீளத்துக்குள் மரை பலமுறை சுற்றிவிடும். ரைபிள் குழலில் அப்படி இல்லை; .30-06 என்ற தோட்டாவுக்கான குழல்களில் வழக்கமாகப் பத்து அங்குலத்துக்கு ஒரே ஒரு சுற்று. அப்புறம், இப்போது வரும் ரைபிள்கள் பலவற்றில் குழலின் வாய்க்கு வெளியே உண்மையிலேயே மரை வெட்டியிருக்கிறார்கள், ஒலியடக்கியையோ உதைகுறைப்பானையோ திருகிப் பொருத்துவதற்கு. கையேட்டில் அதுவும் வரும். உள்ளே இருப்பதையும் மரை என்றால், "மரை தேய்ந்ததை வாங்காதீர்கள்" என்ற வரிக்கு எழுதுகோல் என்ன செய்வார்? எந்த மரை? (கழன்ற மரையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.)

உள்ளே இருப்பது பள்ளமும் மேடும். உழுத வயல் மாதிரி. பள்ளத்துக்குச் சால், மேட்டுக்கு வரப்பு என்று வைத்தால் என்ன? இது வெறும் அழகுக்குச் சொல்வதல்ல. .308 என்ற தோட்டாவின் பெயரைப் பாருங்கள். குண்டின் விட்டம் 0.308 அங்குலம், அது சாலுக்குச் சால் அளந்த கணக்கு. வரப்புக்கு வரப்பு அளந்தால் 0.300தான். அதே குண்டுதான் .30-06க்கும், அங்கே 06 என்பது 1906ஆம் ஆண்டைக் குறிக்கிறது, அளவை அல்ல. புதியவர் இந்தப் பெயர்களைப் பார்த்து மிரளாமல் இருக்கவாவது சாலும் வரப்பும் தேவைப்படும்.

வேர்காண் எழுதியது:

சால், வரப்பு இரண்டையும் தயக்கமின்றி ஏற்கிறேன். நாஞ்சில் கீறிய கோடுதானே சால்! ஆனால் மரையைக் கைவிடேன்.

பழம்பாடம் எழுதியது:

சாலும் வரப்பும் எனக்கும் சரி. இந்தக் குழுவில் ஒரே நாளில் இரண்டு சொல் ஒருமனதாக நிறைவேறியது இதுவே முதல்முறை என்று நினைக்கிறேன்.

அப்படியே ரைபிளுக்கும் ஒரு வழி. புரி என்னும் சொல் இருக்கும்போது மரை எதற்கு? சங்கு வலமாகச் சுற்றினால் வலம்புரி. ரைபிளிலும் வலச்சுற்று, இடச்சுற்று உண்டாமே?

குறிகாரன் எழுதியது:

உண்டு ஐயா. பெரும்பாலும் வலம். பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டு .303 இடம்புரி, ஐந்து சால்.

பழம்பாடம் எழுதியது:

பார்த்தீர்களா! அப்படியானால் புரிகுழல் துப்பாக்கி.

நெய்தல் எழுதியது:

ஐயா, புரிகுழல் என்றால் சுருண்ட கூந்தல். புரிகுழலாள் என்று எத்தனை பாட்டில் படித்திருப்பீர்கள். வேட்டைக்குப் போறவர் கையில் கூந்தலைக் கொடுக்காதேங்கோ.

பழம்பாடம் எழுதியது:

வினைத்தொகையாகக் கொண்டால் வல்லின ஒற்று மிகாது; அது கூந்தல். புரியைப் பெயராகவே கொண்டு, புரியை உடைய குழல் என்று விரித்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை, வல்லினம் மிகும். புரிக்குழல். ஆக, ஒற்று இட்டால் துப்பாக்கி, இடாவிட்டால் கூந்தல். வேறெந்த மொழியில் இத்தனை நுட்பம் கிடைக்கும்?

எழுதுகோல் எழுதியது:

நுட்பம் புரிகிறது ஐயா. ஒரு மெய்யெழுத்தை நம்பி ஒரு கையேட்டையே கொடுக்கத்தான் பயமாக இருக்கிறது.

இதற்கிடையில் இன்னொன்று. முதல் ரைபிளுக்கு போல்ட் ஆக்‌ஷன் போதும், பாகங்கள் குறைவு, விலையும் குறைவு, பழையதாக வாங்கினாலும் நம்பலாம் என்று மூலம் சொல்கிறது. கதவுத் தாழ்ப்பாளைத் திருப்பி இழுப்பது போன்ற இயக்கம்தானே? தாழ்த்துப்பாக்கி எனலாமா?

வேர்காண் எழுதியது:

அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்? நல்ல சொல்தான். ஆனால் "குறைந்த செலவில் ஒரு தாழ்த்துப்பாக்கி" என்றால் மட்டமான சரக்கு என்றாகிவிடும்.

குறிகாரன் எழுதியது:

தாழ்ப்பாள் வகை என்று எழுதுங்கள், போதும்.

எழுதுகோல் அவர்களே, சொல்லில் மூழ்கிப் பொருளை விட்டுவிடாதீர்கள். அந்தக் கையேட்டின் உயிர் இரண்டே இடத்தில்தான். ஒன்று, கையில் உள்ள பணம் முழுவதையும் ரைபிளில் போட்டுவிடக் கூடாது. மேலே வைக்கும் குறிநோக்கி (ஸ்கோப்), அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்கள், பழகுவதற்கான தோட்டா, எல்லாவற்றுக்கும் அதே பணம்தான். சாதாரண ரைபிளும் நல்ல குறிநோக்கியும் வைத்திருப்பவர், உயர்ந்த ரைபிளும் மங்கிய கண்ணாடியும் வைத்திருப்பவரைவிட அந்தி வெளிச்சத்தில் தெளிவாகப் பார்ப்பார். தோளில் அதிகம் உதைக்கிற பெரிய தோட்டாவை வீறாப்புக்கு வாங்கினால், அடுத்த முறை விசையை இழுக்கும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும். உதை மெதுவாக உள்ள .243 போன்றதில் பழகி, மான் அளவு விலங்குக்குப் போனவர்கள் நிறையப் பேர். எந்தத் தோட்டா சுலபமாகக் கிடைக்கும் என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, பழையதை வாங்கும்போது முதலில் தோட்டா இல்லையென்று உறுதி செய்து, தாழை உருவி எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்க்க வேண்டும். வரப்புகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், துருக்குழி கூடாது. குழலின் வாய் விளிம்பைத் தனியாகப் பாருங்கள். அங்கே சின்னதாக ஒரு நசுங்கல் இருந்தாலும் குறி தவறும். இதையெல்லாம் படிப்பவருக்கு 'ரைபிள்' என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வேர்காண் எழுதியது:

ரகரம் மொழிமுதல் வாராது என்பது குறையும். வடசொல்லுக்கே எழுத்தைக் களைந்து எடுக்கச் சொன்னவர் தொல்காப்பியர். குறைந்தது இரைபிள் என்றாவது எழுதுங்கள்.

நெய்தல் எழுதியது:

இரைபிள்! இரைக்காகப் பிடிக்கிறது. இதற்கும் வேர் கண்டுபிடியுங்கோ ஐயா, வேட்டைச் சொல் நம்மட சொல்தான் என்று முடித்துவிடலாம்.

வேர்காண் எழுதியது:

விளையாட்டாகச் சொல்கிறீர்கள். நான் நேற்றிரவு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதுகோல் எழுதியது:

வியாழன் இரவு பதினொன்று. இனிமேல் காத்திருக்க முடியாது. எனக்குத் தனியாக வந்த மூன்று மடல்களில் "ஏதாவது ஒன்றைப் போடுங்கள்" என்று வந்திருப்பதைப் பெரும்பான்மையாக எடுத்துக்கொள்கிறேன். தலைப்பிலும் உள்ளேயும் ரைபிள். முதல் பக்கத்தில் ஒரே ஒருமுறை 'புரிக்குழல் துப்பாக்கி', பழம்பாடம் ஐயாவுக்காக, ஒற்றோடு. ஷாட்கன் ரவைத்துப்பாக்கி ஆகிறது. சமையலறை நினைவு வந்தால் வரட்டும். குண்டு இறங்கும் பள்ளம் சால், மேடு வரப்பு. நன்றி.

எழுதுகோல் எழுதியது (பத்து நாள் கழித்து):

அச்சுப்படி வந்துவிட்டது. மெய்ப்புப் பார்த்தவர் நல்லெண்ணத்தில் ஒரு ஒற்றை எடுத்திருக்கிறார். முதல் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது: "பழைய புரிகுழலை வாங்குமுன் உள்ளே விளக்கடித்து, துரு இருக்கிறதா என்று பாருங்கள்."

வேர்காண் எழுதியது:

மரைக்கு ஒற்றுச் சிக்கல் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பழம்பாடம் எழுதியது:

உமது மரைத்துமுக்கியில் 'த்' இருக்கிறதே ஐயா.